தொண்ணூறு நாள் வண்டி

சாரதி பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கணவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.

"குட்மார்னிங்" என்றாள், வாய் நிறைய நுரையோடு.

"மணி ஒண்ணரை" என்றான் அவன்.

"எனக்கு ஆறு."

இது சண்டை அல்ல. இருவர் சொன்னதும் உண்மைதான். அவளுடைய இடது கையில் ஒரு கடிகாரம், வலது கையில் ஒரு கடிகாரம். இடது கை வீட்டுக்கு, வலது கை செவ்வாய் கிரகத்துக்கு. அந்தக் கிரகத்தில் ஒரு நாள் என்பது நம்முடைய நாளைவிட நாற்பது நிமிடம் நீளம். அங்கே விடியும்போதுதான் அங்கே ஊரும் வண்டி விழிக்கும். ஆகவே அதை ஓட்டுகிறவர்களும் அங்கே விடியும்போதுதான் விழிக்க வேண்டும் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் சட்டம். தினமும் நாற்பது நிமிடம் தள்ளித் தூங்கி, நாற்பது நிமிடம் தள்ளி எழுந்ததில், அவளுடைய காலை ஊராரின் மதியமாகி, மாலையாகி, இரவாகி, முப்பத்தாறு நாளுக்கு ஒருமுறை மறுபடியும் காலையாகும். அந்த ஒரு நாள்தான் குடும்பம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிடும். மற்ற நாளெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் பேச்சு.

சாரதி என்பது அவள் பெயர் அல்ல, நிலையத்தில் வைத்த பட்டம். வண்டியை ஓட்டுகிறவள் அவள். ஓட்டுவது என்றால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்புவது அல்ல. 'மூன்று மீட்டர் போ, இடது பக்கம் திரும்பு, நில்' என்று ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, வானத்துக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் வரை நகத்தைக் கடிப்பது. அவள் கணவனோ நிஜமாகவே பஸ் ஓட்டுகிறவன்.

"பதிமூணு வருஷத்துல இருபத்தொரு கிலோமீட்டர்" என்பான், யாராவது மனைவியின் வேலையைப் பற்றிக் கேட்டால். "நான் முதல் டீ குடிக்கறதுக்குள்ள அதை ஓட்டிடுவேன்."

அன்று அவன் கேலி எதுவும் செய்யவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"டிப்போவுல மாத்தல் போட்டுட்டாங்க."

"எங்க?"

"தூரம். ரயில்ல ஒரு ராத்திரி, ஒரு பகல். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நானும் பாப்பாவும் கிளம்பறோம். இன்னும் நாப்பது நாள்."

சாரதி நுரையை விழுங்கிவிட்டாள். "நான்?"

"அதைத்தான் நானும் பதிமூணு வருஷமா கேக்கறேன். நீ?"

மேசையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த மகள் தலையை நிமிர்த்தினாள். "அம்மா, அந்த ஆமை எப்பம்மா சாகும்?"

வண்டிக்குக் காகிதத்தில் கம்பீரமான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எல்லாருக்கும் அது ஆமைதான்.

"அப்படியெல்லாம் பேசக் கூடாது."

"ஏன், அதுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும்" என்றான் கணவன். "இருபது நிமிஷம் கழிச்சு."

சாரதிக்குச் சிரிப்பு வரவில்லை. மகளும் ஆமையும் ஒரே வயது. ஆமை செவ்வாயில் இறங்கியபோது சாரதிக்கு நிறைமாதம். அப்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். வண்டி ஓடும் வரை ஊழியர் வேலையை விட்டு விலகக் கூடாது. வண்டி நின்றாலோ, ஒழுங்கீனத்துக்காக நிலையமே நீக்கினாலோ மட்டும் விடுவிக்கப்படுவார். மீறிப் போனால் வழக்கு. அதே தாளில் கொட்டை எழுத்தில் 'வண்டியின் ஆயுள்: தொண்ணூறு நாள்' என்று இருந்தது. தொண்ணூறு நாள்தானே, பிள்ளை குப்புற விழுவதற்குள் முடிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பிள்ளை குப்புற விழுந்து, எழுந்து, நடந்து, இப்போது பின்னங்கள் போடுகிறது. ஆமை நிற்கவில்லை.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றான் கணவன். "எள்ளு காயுது எண்ணெய்க்காக. நானும் இந்தப் பிள்ளையும் எதுக்கும்மா காயணும்?"

அன்று சாரதிக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. ஆமை தானாகச் சாகாது. யாராவது உதவ வேண்டும்.

நிலையத்தின் ஓட்ட அறையில் ஜன்னல் திரைகள் எப்போதும் மூடியே இருக்கும், வெளியே இருக்கிற பகல் உள்ளே வந்து குழப்பக் கூடாது என்று. உள்ளே பெரியவரைச் சேர்த்து எட்டுப் பேர். பெரியவர்தான் நிலையத்தின் தலைவர். ஆமையின் இயந்திரக் கையை ஆட்டிவைப்பவர் கைக்காரர். அதன் மின்சாரத்தையும் சூட்டையும் பார்ப்பவர் பேட்டரியக்கா. மற்றவர்கள் மண், படம், காற்று என்று ஆளுக்கொன்றாய்ப் பிரித்துக்கொண்டவர்கள். ஒருவர் எழுதிய கட்டளைகளை மற்றவர்கள் வரிக்கு வரி படித்துச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. முதல் வருடம் படித்தார்கள். இரண்டாம் வருடம் புரட்டினார்கள். இப்போது கையெழுத்து மட்டும்.

சாரதி எழுதினாள்: ஆறு மீட்டர் போ. எதிரே இருக்கும் கூர்ப்பாறை மேல் முன் இடது சக்கரத்தை ஏற்று. மறுபடி ஏற்று. மறுபடி ஏற்று.

தாளை நீட்டினாள். பேட்டரியக்கா கொட்டாவி விட்டபடியே கையெழுத்துப் போட்டாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான்க்கா. எத்தனை மணிக்குன்னுதான் தெரியலை."

மறுநாள் படம் வந்தது. முன் இடது சக்கரம் இறுகிப்போய்விட்டது. சாரதி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானே?" என்றார் பெரியவர். "மிச்சம் அஞ்சு சக்கரம் இருக்கு. பின்பக்கமா ஓட்டு. அதை இழுத்துக்கிட்டு வரட்டும்."

ஆமை பின்பக்கமாகப் போயிற்று. உருளாத சக்கரம் கலப்பை மாதிரி மண்ணைக் கீறிக்கொண்டே வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். அவள் வெட்டிய பள்ளத்தில் உப்பு கிளம்பியது. சிவப்பு மண்ணுக்கு அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படலம். மண்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கிக் காய்ந்ததற்கு அது சாட்சியாம். பதிமூன்று வருடமாக எவன் கண்ணிலும் படாதது, சக்கரம் உடைந்ததால் பட்டது.

பெரியவர் ஒரு தாளோடு வந்தார். "நல்ல செய்தி. இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சிருக்காங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். இரவல் வாங்கின கைகளால் தட்டியது போல் இருந்தது அந்தச் சத்தம்.

வீட்டுக்கு வந்தால் கணவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "உன் ஆமை டீவியில வந்துச்சே! பஸ் ஸ்டாண்டுல ஜனம் மொத்தமும் கை தட்டுது. 'என் சம்சாரம்தான் ஓட்டறா'ன்னு ஒரு ஆள்கிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'கொடுத்து வச்சவர் சார் நீங்க'ன்னாரு. பதில் சொல்லத் தெரியாம ஹாரன் அடிச்சேன்."

அடுத்த வாரம் செவ்வாயில் குளிர்காலம் தொடங்கியது. பெரியவர் வரைபடத்தில் ஒரு பள்ளத்தாக்கைக் காட்டி, "இந்தப் பக்கமாப் போவோம். மண்புயல் அடிக்கற இடம். காத்தைப் பத்திப் படிக்கலாம்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போகிற வழியில் ஒரு மலைச்சரிவு. அதைப் பார்த்ததும் சாரதிக்குப் பொறி தட்டியது. ஆமைக்குச் சோறு வெயில்தான். முதுகில் இருக்கும் பலகைகளில் வெயில் பட்டால்தான் மின்சாரம். அந்தப் பலகைகளிலோ பதிமூன்று வருடத் தூசு. சரிவின் நிழல் பக்கத்தில், சூரியனுக்கு முதுகைக் காட்டாமல் நிறுத்தினால் மூன்றே நாளில் பட்டினி. உடைக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். தூக்கத்தில் போகிற மாதிரி போய்விடும்.

நிறுத்தினாள். முதல் நாள் மின்சாரம் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் நாள் கால்வாசி. அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டினாள்: 'கண்ணு, அம்மாவும் உங்களோடு வரலாம் போலிருக்கிறது. பெட்டியில் எனக்கும் கொஞ்சம் இடம் வை.'

தூங்கி எழுந்து பார்த்தபோது அதன் கீழே பென்சிலில் எழுதியிருந்தது: 'அரைப் பெட்டி வைத்திருக்கிறேன். அப்பாவை நெருக்கி அடுக்கிவிட்டேன்.'

சாரதி அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

மூன்றாம் நாள் எண்கள் வந்தன. மின்சாரம் நிரம்பி வழிந்தது. ஆமை இறங்கிய முதல் நாளில்கூட அவ்வளவு இல்லை.

"எப்படி?" என்றாள் சாரதி. குரல் கீச்சிட்டது.

படத்தைப் பார்த்தார்கள். ஆமை நிறுத்திய இடத்தில் இல்லை. பதினோரு மீட்டர் சறுக்கி நேராகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியிருந்தது. அங்கே அடித்த சுழல்காற்று பலகைகளை விளக்குமாற்றால் பெருக்கினதுபோல் துடைத்துவிட்டிருந்தது.

"கை ஏன் இப்படி முழுசா நீட்டிக்கிட்டிருக்கு?" என்று கேட்டார் பெரியவர்.

கைக்காரர் இருமினார். "பக்கத்துல ஒரு கல்லு... தொட்டுப் பார்க்கலாமேன்னு..."

"அட! அந்தக் கனம் ஒரு பக்கமா இழுத்துத்தான் சறுக்கியிருக்கு. பிழைக்க வச்சுட்டீங்களே மனுஷா!" பெரியவர் அவர் முதுகில் தட்டினார். கைக்காரரின் முகம் வாடிய கத்தரிக்காயாகச் சுருங்கியது. பாவம், கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள் சாரதி. மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

இந்தத் தடவை ஐந்து வருட நீட்டிப்பு.

வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழுதவும் கை வரவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் டீவி இருக்கிறதே. மறுநாள் ஃபிரிட்ஜில் புதுச் சீட்டு இருந்தது: 'அம்மா, உன் அரைப் பெட்டியில் என் புத்தகங்களை வைத்துக்கொள்ளட்டுமா?'

சாரதி ஃபிரிட்ஜ் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கதவு சில்லென்று இருந்தது. அவர்கள் கிளம்ப இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. பிறகு பென்சிலை எடுத்து, 'ஆறு நாள் பொறு' என்று எழுதினாள்.

ஆமைக்கு நாற்பது மீட்டர் முன்னால் ஒரு பாதாளம் இருந்தது. கீழே விழுந்தால் திருகாணிகூட மிஞ்சாது. ஆமைக்கு எதிரே பள்ளம் வந்தால் தானாக நிற்கும் புத்தி உண்டு. அதை அணைக்கவும் ஒரு கட்டளை உண்டு. சாரதி எழுதினாள்: கண்ணை மூடிக்கொள். நாற்பத்திரண்டு மீட்டர் நேராகப் போ.

எழுதி முடித்தபோது கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பதிமூன்று வருடமாக அது அவள் சொன்ன ஒரு சொல்லைத் தட்டியதில்லை. நில் என்றால் நிற்கும், போ என்றால் போகும். வயிற்றில் பிறந்தது பத்து சொன்னால் ஒன்றுகூடக் கேட்பதில்லை. கேட்கிற பிள்ளையைக் கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளுகிறேனே என்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

பேட்டரியக்கா வழக்கம்போல் படிக்காமல்தான் கையெழுத்திட்டாள். ஆனால் அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"என்னக்கா?"

"தூசு" என்றாள் பேட்டரியக்கா. அந்த அறையில் தூசே கிடையாது.

மறுநாள் சிக்னல் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. எட்டுப் பேரும் திரையைப் பார்த்து நின்றார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நண்பர்களே" என்று தொடங்கினார். "தொண்ணூறு நாளுக்குன்னு அனுப்பின ஜீவன். பதிமூணு வருஷம் நமக்காக உழைச்சுது. இன்னிக்கு நம்மகிட்டேருந்து..."

பீப், என்றது திரை.

விஷயம் இதுதான். முந்தின நாள் மாலை, ஆமை பாதாளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அதன் ஹீட்டர்கள் அணைந்துவிட்டன. குளிரில் மூளை விறைத்து, விளிம்புக்கு அரை மீட்டர் முன்னால் தூங்கிவிட்டது. வெயில் ஏறியதும் சோம்பல் முறித்து எழுந்து, கண்ணைத் திறந்து, எதிரே இருந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தது. படத்தில் பாதாளத்தின் மறுகரைச் சுவர், புத்தகத்தின் தாள்கள்போல் அடுக்கடுக்காக, கோடிக்கணக்கான வருடங்கள்.

"ஹீட்டர் எப்படி அணைஞ்சுது?" என்றார் பெரியவர்.

"எனக்கும் அதான் புரியலை" என்ற பேட்டரியக்கா மூக்கைச் சிந்தினாள்.

இந்த முறை நீட்டிப்புத் தாளில் வருடக் கணக்கே இல்லை. 'வண்டி நிற்கும் வரை' என்று இருந்தது. அதைப் படித்த பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று பத்திரிகைகள் படம் போட்டன.

ஆறாம் நாள் வந்தது. வாசலில் லாரி நின்றது. கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, ஃபிரிட்ஜும் ஏறியது. இனிமேல் சீட்டு ஒட்டக்கூடக் கதவு இல்லை.

கணவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே பேசினான். "நாலு மணிக்கு லாரி கிளம்பணும். ஸ்டேஷன்ல பார்சல் கவுண்டரை அஞ்சுக்கெல்லாம் மூடிருவான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உன் மேல கோபமெல்லாம் இல்லம்மா. முப்பத்தாறு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடு. நம்ம ரெண்டு காலையும் ஒண்ணா வர்ற அன்னிக்கு."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மகள் கிட்டே வரவில்லை. லாரியின் முன் சீட்டில் ஏறி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகக் கட்டு. அப்படியென்றால் பெட்டியில் அந்தப் பாதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அதைப் பார்த்த பிறகுதான் சாரதிக்குத் தாளின் இரண்டாவது வழி ஞாபகம் வந்தது. வண்டி நின்றாலோ... ஒழுங்கீனத்துக்காக நீக்கினாலோ! மூன்று தடவை கொலை முயற்சி. இதைவிட ஒழுங்கீனம் வேறென்ன வேண்டும்? அவமானம்தான். பேப்பரில் பெயர் நாறும். நாறட்டும்.

காலியான வீட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினாள். பாறை, சரிவு, பாதாளம், மூன்றையும் ஒளிக்காமல் எழுதினாள். 'என்னை இன்றே நீக்கும்படி மன்றாடுகிறேன்' என்று முடித்தாள்.

"லாரியை நிலையம் வழியா விடுங்க!" என்று கத்திக்கொண்டு ஏறி மகளுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். "அஞ்சே நிமிஷம். நானும் வரேன்."

மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கடிகாரத்துல அஞ்சு நிமிஷம்?"

சாரதி வலது கைக் கடிகாரத்தைக் கழற்றிச் சன்னல் வழியே எறிந்தாள்.

நிலையத்து வாசலில் லாரி நின்றது. மூன்று மாடியும் ஓடி ஏறினாள். பெரியவரின் அறை மூடியிருந்தது. வெளியே அவருடைய டைப்பிஸ்ட் அம்மா, மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில் தொங்க, எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த லெட்டரை உடனே அவர்கிட்ட காட்டணும். என்னை இன்னிக்கே வேலையை விட்டு நீக்கணும்."

"என்ன தப்பு பண்ணினே?"

சாரதி மூச்சை இழுத்துவிட்டாள். "வண்டியைக் கொல்லப் பார்த்தேன். மூணு தடவை."

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. "ஓட்டியா, உறைய வச்சா, கவிழ்த்தா?"

"ஓ... ஓட்டி."

"ஆமா, ஓட்டறது நீதான் இல்ல?" என்றபடி மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஒரு கோப்பு, நாடா கட்டி, கனமாக இருந்தது. "கையை நீட்டிக் கவிழ்க்கப் பார்த்தேன்னு கைக்காரர் எழுதியிருக்காரு. ஹீட்டரை அணைச்சு உறைய வைக்கப் பார்த்தேன்னு பேட்டரியம்மா. மண்காரர் ஏதோ கல்லைத் திங்க வச்சாராம், அதோட பல்லு உடையட்டும்னு. குடு, இதையும் வைக்கறேன்."

சாரதி கோப்பை எட்டிப் பார்த்தாள். அவள் பட்டினி போட்டதைக் கைக்காரர் கவிழ்க்கப்போய்ப் பிழைக்க வைத்திருக்கிறார். அவள் பாதாளத்தில் தள்ளியதைப் பேட்டரியக்கா உறைய வைக்கப்போய்ப் பிழைக்க வைத்திருக்கிறாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளியதில் ஆமை நடுவில் விழாமல் நின்றுகொண்டிருக்கிறது.

"அவங்க யாரையும் நீக்கலையா?"

"எல்லாரையும் நீக்கிட்டா வண்டியை யாரு ஓட்டறது? லெட்டர் எழுதற யாரையும் நீக்கறதில்லைன்னு மேலிடத்துல முடிவு. உன்னோடதைச் சேர்த்து எட்டு."

கீழே லாரி ஹாரன் அடித்தது. சாரதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள்.

"நாங்க மொத்தமே... பெரியவரையும் சேர்த்துத்தானே எட்டுப் பேர்?"

டைப்பிஸ்ட் அம்மா மூடிய கதவைக் கட்டைவிரலால் காட்டினாள். "முதல் லெட்டரே அவரோடதுதாம்மா, வேணும்னேதான் புயல் பக்கமாப் போகச் சொன்னேன், என்னை நீக்குங்கன்னு எழுதினாரு, ஆளை நீக்கற விஷயத்துல மேலிடமும் அவரேங்கறதால 'முடியாது'ன்னு அவரே கையெழுத்தும் போட்டுட்டு, காலையிலேருந்து உள்ள உக்காந்து அழுதுட்டிருக்காரு."